கொலைகாரனுக்காக ஏன் கண் கலங்குகிறது?

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார்: "ட்ரூமன் கபோட்டியின் 'இன் கோல்ட் பிளட்' வாசித்தேன் சேர். பெரி ஸ்மித்தைத் தூக்கில் போடுகிற இடத்தில் அழுதுவிட்டேன். அவன் கையால் செத்தவர்களுக்காக அப்படி அழவில்லை. இது பிழையா?"

பிழை இல்லை தங்கச்சி. ஆனால் அந்த அழுகை எப்படி வந்தது என்று பார்க்கத்தான் வேண்டும்.

வாசிக்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. இது உண்மையில் நடந்த கொலையைப் பற்றி அமெரிக்க எழுத்தாளர் கபோட்டி எழுதிய புத்தகம். 1959 நவம்பரில் அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில், ஹோல்கம் என்ற சின்ன ஊரில், கிளட்டர் என்ற குடும்பத்தில் தாய், தகப்பன், இரண்டு பிள்ளைகள் கொல்லப்பட்டார்கள். கொன்ற ஸ்மித்தையும் ஹிக்கொக்கையும் 1965 ஏப்ரலில் தூக்கிலிட்டார்கள். இடைப்பட்ட காலத்தில் கபோட்டி அவர்களைச் சிறையில் போய்ப் பார்த்தார், கடிதம் எழுதினார். ஸ்மித்தின் கிட்டார், விபத்தில் நொறுங்கிய கால்கள், சிறு வயதில் விடுதியில் வாங்கிய அடி எல்லாம் அப்படித்தான் நமக்குத் தெரிய வருகிறது. கொன்றவன் உயிரோடு இருந்து பேசுகிறான். செத்துப்போன மகள், பதினாறு வயது நான்சியிடம் யார் போய்க் கேட்பது?

கபோட்டி அந்தப் பிள்ளையை மறந்தவர் இல்லை. கடைசி இரவில் நான்சி, தானே தைத்த சிவப்பு வெல்வெட் சட்டையை, ஞாயிறு கோயிலுக்குப் போட என்று எடுத்து வைக்கிறாள். அதே சட்டையோடுதான் அவளைப் புதைத்தார்கள். என் மகளும் அப்படித்தான், நாளைக்குப் போடுகிற சட்டையை இரவே அயன் பண்ணிக் கதிரையில் போட்டு வைப்பா. அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழும்பிப் போய்விட்டேன்.

ஆனால் அது நாலு பகுதியில் முதல் பகுதி. அதற்குப் பிறகு நம்மோடு கூடவே வருகிறவன் ஸ்மித். நம்முடைய கூத்துக்களரியில் விடிய விடிய இருந்தவர்களுக்கு இது புதிதில்லை. கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் யாருக்கு நல்ல வரவும் நிறையப் பாட்டும் கொடுக்கிறாரோ, சனம் அவர் பக்கம்தான் சாயும்.

இன்னொன்று, வரிசை. கொலை எப்படி நடந்தது என்பதைக் கபோட்டி மூன்றாம் பகுதி வரை சொல்லாமல் வைத்திருக்கிறார். அங்கேதான் ஸ்மித்தின் வாக்குமூலம் வருகிறது. கட்டிப் போட்ட கிளட்டர் வீட்டுப் பையனின் தலைக்குக் கீழே தலையணை வைத்தானாம். பிறகு சுட்டான். அதற்குள் அவனுடைய பிள்ளைப் பருவம் முழுவதும் நமக்குத் தெரியும். அதனால் துவக்கைவிடத் தலையணைதான் பெரிதாகத் தெரிகிறது. இதையே முதல் பக்கத்தில் வாசித்திருந்தால் உங்களுக்குக் குலை நடுங்கியிருக்கும்.

தமிழிலும் இது இருக்கிறது. சென்னையில் பல கொலைகள் செய்த ஆட்டோ சங்கர் சிறையில் எழுதிய வாழ்க்கைக் கதையை நக்கீரன் பத்திரிகை வெளியிடலாமா என்று 1994இல் இந்திய உச்ச நீதிமன்றம் வரை வழக்குப் போனது. அவன் கொன்றவர்களுக்குத் தங்கள் கதையை எழுத வழியே இருக்கவில்லை.

கொலைகாரனையும் மனிதனாக எழுதத்தான் வேண்டும். பேய் பிசாசு என்று எழுதினால் நாம் ஒன்றும் விளங்கிக்கொள்ள மாட்டோம். செத்தவர்களுக்கும் அதே அளவு பாடுபட்டாரா என்று எழுதுகிறவரிடம் கேளுங்கள். அயலவரிடம், கூடப் படித்தவரிடம் அலைந்து விசாரித்தாரா?

சரி தங்கச்சி, புத்தகம் இன்னும் கையில் இருந்தால் நான்சி சட்டை எடுத்து வைக்கிற அந்தப் பக்கத்தை இப்போது திரும்ப வாசியுங்கள். முடிவு தெரிந்த பிறகு எப்படி இருக்கிறது என்று எழுதி அனுப்புங்கள்.