பிளாக்குக்கு நாலு உயிர்

வானொலி நேயர்களுக்கு வணக்கம். பழைய மோட்டார் சைக்கிள்கள் இத்தனை வருடம் எப்படி உழைக்கின்றன என்று பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். நான் வண்டி ஓட்டிப் பெயர் வாங்கியவள் இல்லை. வேலூர் காகிதப்பட்டறையில் எங்கள் லேத் பட்டறை இருக்கிறது. அப்பா 1974-ல் ஆரம்பித்தது. 1988-லிருந்து நான் அதில் நிற்கிறேன். மெக்கானிக்கிடம் வண்டி முழுசாக வரும். எங்களிடம் வருவது பிளாக் மட்டும்தான், அதாவது எஞ்சினில் பிஸ்டன் ஏறி இறங்குகிற சிலிண்டர் இருக்கிற இரும்புப் பகுதி. கோணிப்பையில் போட்டோ, பழைய துண்டில் சுற்றியோ, அணைக்கட்டிலிருந்தும் குடியாத்தத்திலிருந்தும் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வருவார்கள். அந்த பிளாக்குக்குள் விரலை விட்டுப் பார்த்தால் போதும், அந்த வண்டி இத்தனை வருடம் எப்படி வாழ்ந்தது என்று சொல்லிவிடலாம்.

வருகிறவர்கள் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "போர் போடணும்." நம் மாவட்டத்தில் போர் என்றால் நிலத்தில் தண்ணீருக்குப் போடுவதுதான் முதலில் நினைவுக்கு வரும். இது அது இல்லை. தேய்ந்துபோன சிலிண்டரைக் கொஞ்சம் அகலமாகக் கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போடுவது.

வானொலியில் படம் போட்டுக் காட்ட முடியாது. வீட்டில் முறுக்கு பிழிகிற அச்சை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே ஒரு குழல், உள்ளே இறங்குகிற உலக்கை. இரண்டும் சரியாகப் பொருந்தியிருந்தால் அழுத்துகிற அழுத்தமெல்லாம் மாவின் மேல் இறங்கும், முறுக்கு விழும். குழல் தேய்ந்து இடைவெளி விழுந்துவிட்டால்? மாவு பக்கவாட்டில் பிதுங்கிக்கொண்டு மேலே ஏறும். எவ்வளவு அழுத்தினாலும் கைதான் வலிக்கும். எஞ்சினிலும் அதேதான். எரிந்த வாயு பிஸ்டனைத் தள்ளாமல் ஓரமாக நழுவிக் கீழே போகிறது, கீழே இருக்கிற ஆயில் ஓரமாக நழுவி மேலே வருகிறது. வண்டி இழுக்காது, புகை தள்ளும்.

இந்தத் தேய்மானம் எவ்வளவு உழைப்புக்குப் பிறகு வருகிறது என்று ஒரு கணக்குச் சொல்கிறேன். பழைய புல்லட் 350-ல் சிலிண்டரின் குறுக்களவு 70 மில்லிமீட்டர். பிஸ்டன் ஒரு தடவை ஏற 90 மில்லிமீட்டர், இறங்க 90. வேலூரிலிருந்து ஆற்காட்டுக்கு நிதானமாக அரை மணி நேரத்தில் போகிறீர்கள். எஞ்சின் நிமிடத்துக்கு 2500 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொண்டால், நீங்கள் ஆற்காட்டில் இறங்குவதற்குள் பிஸ்டன் அந்தச் சின்னக் குழலுக்குள்ளேயே 13 கிலோமீட்டருக்கு மேல் உரசியிருக்கும். நீங்கள் போன தூரத்தில் பாதி. வண்டி எத்தனை வருடம் ஓடியதோ, அத்தனை வருடமும் இந்த உரசல்தான். நடுவே இருப்பது தலைமுடியைவிட மெல்லிய ஒரு ஆயில் படலம். அந்தப் படலம் இருக்கிற வரைக்கும் இரும்பு இரும்பைத் தொடுவதில்லை.

தேய்மானமும் எல்லா இடத்திலும் ஒன்றுபோல வருவதில்லை. பிஸ்டன் உச்சிக்குப் போய்த் திரும்புகிற இடம் இருக்கிறதே, அங்கேதான் சூடும் அதிகம், அழுத்தமும் அதிகம், ஆயிலும் குறைவு. அதனால் மேல்பக்கம்தான் முதலில் தேயும். பிஸ்டனைச் சுற்றி மாட்டியிருக்கிற ரிங் எட்டாத உச்சி விளிம்பு மட்டும் தேயாமல் பழைய அளவிலேயே நிற்கும். நகத்தை உள்ளேயிருந்து மேல்நோக்கி இழுத்தால் அந்த இடத்தில் தட்டும். வரப்பு என்று சொல்வோம். வரப்பு பலமாகத் தட்டினால் தேய்மானம் அதிகம். ஆனால் நகத்தை நம்பி முடிவு கட்டக் கூடாது. போர் கேஜ் என்கிற உள்ளளவுக் கருவி வைத்து மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில், ஒவ்வொரு இடத்திலும் இரண்டு திசையில், ஆக ஆறு அளவு எடுக்க வேண்டும். ஆறும் எடுத்து எழுதின பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும். இது அப்பா போட்ட சட்டம்.

அப்பா இன்னொன்றும் சொல்வார். "பிளாக்குக்கு நாலு உயிர்." அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கை நாங்கள் தௌ என்போம். கம்பெனியிலிருந்து வந்த அளவு ஸ்டாண்டர்டு. அது தேய்ந்தால் 20 தௌ பெரிய பிஸ்டன், பிறகு 40, பிறகு 60. அதோடு சுவர் மெலிந்துவிடும். அதற்கப்புறம் உள்ளே புதுக் குழல் இறக்கி ஸ்லீவ் அடிக்க வேண்டும், அல்லது வேறு பிளாக் தேட வேண்டும். ஸ்டாண்டர்டு, இருபது, நாற்பது, அறுபது: நாலு உயிர். ஒவ்வொரு தடவை போர் போடும்போதும் ஒன்று போகிறது. கடைந்த இரும்பைத் திரும்ப ஒட்ட முடியாது.

இன்று முக்கியமாகச் சொல்ல வந்ததே இதுதான். பழைய வண்டி ரொம்ப நாள் உழைப்பதற்கு இரும்பு மட்டும் காரணம் இல்லை. திறந்து சரிசெய்து மறுபடி ஓட்டுவதற்கு அதில் இடம் வைத்துச் செய்தார்கள். 1955-ல் சென்னையில் புல்லட் தயாரிக்க ஆரம்பித்தார்கள். பிறகு திருவொற்றியூர் தொழிற்சாலையில் ஏறக்குறைய அதே இரும்பு எஞ்சின் அரை நூற்றாண்டு தாண்டி வந்துகொண்டிருந்தது. அந்த எஞ்சினை முதலில் உருவாக்கிய இங்கிலாந்துத் தொழிற்சாலை எப்போதோ மூடியாயிற்று. ஒரே எஞ்சின் அத்தனை வருடம் வந்ததால் சாமான் கிடைத்தது, கை பழகிய மெக்கானிக் ஊருக்கு ஊர் இருந்தார். அந்த இடத்தை, அந்த நாலு உயிரை, நாம்தான் அவசரப்பட்டுச் செலவு செய்துவிடுகிறோம்.

கம்மவான்பேட்டை சுபேதார் ஐயா ஒருவரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். கம்மவான்பேட்டை உங்களுக்குத் தெரியும், ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள், அத்தனை பேர் பட்டாளத்துக்குப் போன ஊர். ஐயா 1976-ல் புதிதாக வாங்கிய புல்லட். 2003-ல் ஒரு நாள் காலையில் பிளாக்கைத் தானே தூக்கிக்கொண்டு பட்டறைக்கு வந்தார். வெள்ளைத் துண்டில் சுற்றி, மேலே கயிறு கட்டி. வால்வு தேய்ப்பதற்காக, பிளாக்குக்கு மேலே மூடியாக இருக்கிற ஹெட்டை இறக்கியிருக்கிறார்கள். மெக்கானிக் சொல்லியிருக்கிறார், "எப்படியும் கழட்டியாச்சு, போரையும் போட்டுடலாம்."

நேயர்களே, இந்த ஒரு வாக்கியம்தான் பழைய வண்டிகளின் ஆயுளைக் குறைக்கிறது. எப்படியும் கழட்டியாச்சு. தேய்ந்திருக்கிறதா, அளந்தீர்களா என்று யாரும் கேட்பதில்லை. கழற்றியது ஒரு காரணமா?

ஐயா கேட்டார். "பாப்பா, நீ அளந்து சொல்லு. அப்புறம் பார்த்துக்கலாம்." சின்ன வயதிலிருந்து என்னைத் தெரியும், அதனால் பாப்பா. நான் கேஜை எடுப்பதற்குள் பையிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்து மேசையில் வைத்தார். கடைக்காரர்கள் கணக்கு எழுதுகிற நோட்டு. வண்டி வாங்கிய நாளிலிருந்து அதில் வரிசையாக இருக்கிறது. தேதி, மீட்டர், ஆயில் மாற்றியது, செயின் இறுக்கியது. 2000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை ஆயில், ஒரு தடவைகூடத் தவறவில்லை. "மழை. ஏர் ஃபில்டர் கழுவினேன்." "மகள் கல்யாணம். 20 நாள் ஓட்டவில்லை." இப்படி. ஒரு பக்கத்தில், "சத்தம் வேறு. வலது பக்கம்" என்று மட்டும் எழுதியிருந்தது. அடுத்த நாள் தேதியில், "டாப்பெட். சரி செய்தேன்."

அந்த வேலையை, அதாவது வால்வைத் திறக்கிற தண்டுகளின் இடைவெளியைச் சரிசெய்வதை, எப்படிச் செய்தார் என்று கேட்டேன். எஞ்சின் நன்றாக ஆறின பிறகு, வலது பக்கம் இருக்கிற சின்ன மூடியைக் கழற்றி, புஷ்ராடு என்கிற அந்தத் தண்டை விரலால் பிடித்துச் சுழற்றிப் பார்ப்பாராம். விரலுக்கு லேசாகச் சுழல வேண்டும், ஆனால் மேலும் கீழும் ஆடக் கூடாது. அவ்வளவுதான் அளவு. சொல்லும்போதே கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து உருட்டிக் காட்டினார், திரி திரிப்பதுபோல.

ஆறு அளவும் எடுத்தேன். 68,000 கிலோமீட்டர் ஓடிய பிளாக். மிக அதிகமான தேய்மானம் 4 தௌ. எங்கள் பட்டறையில் 8 தாண்டினால்தான் போர் பற்றிப் பேசுவோம். "ஐயா, இதை நான் தொடமாட்டேன். ரிங் மட்டும் புதுசாகப் போட்டு, சுவரில் லேசாக ஹோனிங் கோடு போட்டுத் தருகிறேன்" என்றேன். ஹோனிங் என்றால் சாணைக்கல்லால் மெல்லிய கோடு போடுவது. அந்தக் கோடுகள் உள்ளங்கை ரேகை மாதிரி ஆயிலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஐயா நோட்டை வாங்கி, அங்கேயே நின்றுகொண்டு ஆறு எண்ணையும் எழுதிக்கொண்டு போனார். நாலு உயிரில் ஒன்றுகூடச் செலவாகாத வண்டி அது.

அதே வகை எஞ்சினில் நான் செய்த தப்பு ஒன்று உண்டு. 1991. அப்பா ஊரில் இல்லை. ஒடுகத்தூரிலிருந்து ஒருவர் பிளாக் கொண்டுவந்தார். ஸ்டார்ட் செய்தால் புகை மூட்டமாக வருகிறது, ரிங் போயிற்று, போர் போடுங்கள் என்றார். நான் அளக்கவில்லை. 20-க்குக் கடைந்து கொடுத்துவிட்டேன். மூன்று மாதம் கழித்து அவரே வந்தார், "மறுபடி புகை." அப்பா அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "வண்டி எத்தனை நாள் நின்னுச்சு?" அறுவடை நேரம், மூன்று வாரம் நின்றிருக்கிறது. முதல் தடவையும் அப்படித்தான்.

விஷயம் இதுதான். அந்தப் புல்லட்டில் ஆயில் ஒரு தனி அறையில் இருக்கும். வண்டி நாள்கணக்கில் நின்றால், அந்த ஆயில் பம்பு வழியாக மெல்லக் கசிந்து, பிஸ்டனுக்குக் கீழே கிராங்க் சுற்றுகிற இடத்தில் போய்த் தேங்கிவிடும். ஸ்டார்ட் செய்ததும் அதை வாரி மேலே அடிக்கும். சில நிமிடம் புகை, பிறகு தானாக நின்றுவிடும். ரிங் போன வண்டி அப்படி இல்லை. சூடேறின பிறகும் புகைக்கும், ஆக்ஸிலேட்டர் திருகினால் இன்னும் புகைக்கும். இந்த வித்தியாசத்தை மறக்காதீர்கள். நின்ற வண்டி முதலில் புகைத்தால் பயப்படாதீர்கள், பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். பிறகு முடிவு செய்யுங்கள். அன்று அப்பா என்னைத் திட்டவில்லை. "ஒரு உயிரை எடுத்துட்ட" என்று மட்டும் சொன்னார். அந்த அரை மில்லிமீட்டர் எனக்கு இன்றும் உறுத்துகிறது.

நிற்பதைப் பற்றிச் சொன்னேன். பழைய வண்டியைக் கெடுப்பதில் ஓட்டத்தைவிட நிற்பது பெரியது. தாத்தா வண்டி என்று பாசமாக மாட்டுக்கொட்டகை ஓரத்தில் தார்ப்பாய் போட்டு மூடி வைப்பார்கள். பத்து வருடம் கழித்துத் திறந்தால் ரிங் உட்கார்ந்த இடத்தில் சிலிண்டர் துருப்பிடித்து, பிஸ்டன் ஒட்டிக்கொண்டிருக்கும். அப்படி இருந்தால் கிக்கரை மிதித்து உடைக்காதீர்கள். பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையில் டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றி, நாலைந்து நாள் விடுங்கள். பிறகு டாப் கியரில் போட்டு, பின் சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் மெதுவாக அசையுங்கள். பொறுமைதான் வேண்டும். பல பிளாக் இப்படித் தப்பித்திருக்கிறது.

சிலர் தினமும் காலையில் வாசலிலேயே இரண்டு நிமிடம் ஓடவிட்டு நிறுத்திவிடுவார்கள். வண்டியைப் பார்த்துக்கொள்வதாக நினைப்பு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. எஞ்சின் நன்றாகச் சூடானால் அது ஆவியாக வெளியே போய்விடும். சூடாவதற்குள் நிறுத்தினால் கொஞ்சம் உள்ளேயே படிந்து ஆயிலில் கலக்கும். மார்கழிக் காலையில் அப்படி ஓட்டிய வண்டியின் ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள், கடைந்த மோர் மாதிரி வெள்ளையாக ஒட்டியிருக்கும். ஓட்டினால் பத்துப் பதினைந்து கிலோமீட்டராவது ஓட்டுங்கள். காட்பாடி போய் வந்தால்கூடச் சரி.

தூசியும் உண்டு. செங்கல் சூளைப் பாதையிலும் பாலாற்று ஓரத்திலும் தினமும் போகிறவர்களின் பிளாக் தனியாகத் தெரியும். மணல் தூசி ஆயிலோடு சேர்ந்தால் அது வால்வு தேய்க்கிற பேஸ்ட்தான். ஃபில்டர் அடைக்கிறது என்று கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுகிறவர்கள் சில ஆயிரம் கிலோமீட்டரில் ஒரு உயிரை முடித்துக்கொண்டு வருகிறார்கள்.

யமஹா ஆர்எக்ஸ் 100 வைத்திருக்கிற தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. 1985-லிருந்து 1996 வரை வந்த வண்டி, கம்பெனி அதை நிறுத்திப் பல வருடம் ஆகிறது. 50 மில்லிமீட்டர் சிலிண்டர். இது டூ ஸ்ட்ரோக் எஞ்சின், இந்த வகையில் சிலிண்டருக்கு ஆயில் பெட்ரோலோடுதான் போகிறது. புகை குறையட்டும் என்று ஆயிலைக் குறைக்காதீர்கள். நெடுஞ்சாலையில் முறுக்கிப் போகும்போது பிஸ்டன் சிலிண்டரில் சிக்கி ஜாம் ஆகும். ஒரே ஜாமில் இரண்டு அளவு தாண்டிக் கடைய வேண்டி வந்த பிளாக்கெல்லாம் என் கையில் வந்திருக்கிறது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்தான் இருக்கிறதாம். எத்தனால் பெட்ரோல் பற்றி விரிவாகச் சொல்ல எழுதி வந்தேன், சுருக்கமாகச் சொல்கிறேன். 2023-லிருந்து 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் பங்குகளுக்கு வர ஆரம்பித்தது. பழைய வண்டி அதற்காகச் செய்யப்பட்டது இல்லை. எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். வண்டி நின்றால் அந்த ஈரம் டேங்கின் அடியில் சேர்ந்து துருவாகும். பழைய ரப்பர் ஓஸும் வாஷரும் ஊறி இளகிப்போகும், அதனால் ஓஸைப் புதிய வகைக்கு மாற்றிவிடுங்கள். இரண்டு மூன்று மாதம் நிற்கப் போகிறதென்றால் டேங்கை முழுசாக வடித்துக் காயவைத்து, உள்ளே கொஞ்சம் ஆயில் சுழற்றி விடுங்கள். ஒரு வாரம்தான் நிற்கிறதென்றால் பெட்ரோல் டேப்பை மூடி, கார்புரேட்டரில் இருப்பது தீர்ந்து எஞ்சின் தானாக நிற்கிற வரை ஓடவிட்டு, பிறகு சாவியை எடுங்கள். டேங்க் துருவை எடுப்பது எப்படி என்பதும் எழுதி வைத்திருக்கிறேன், அதற்கு நேரம் இல்லை. வணக்கம்.