ஹோண்டா விற்காத ஹோண்டா! இரண்டு பைக்கை ஒன்றாக்கிய சிஆர்500 ஏஎஃப்

வணக்கம் நண்பர்களே! ஸ்க்ரீனில் நிற்கும் இந்தச் சிவப்பு டர்ட் பைக்கைக் கொஞ்சம் கூர்ந்து பாருங்கள். ஃப்ரேம் அலுமினியம், உள்ளே இருப்பது 491 சிசி டூ ஸ்ட்ரோக் இன்ஜின். இரண்டுமே ஹோண்டா செய்ததுதான், ஆனால் இரண்டையும் சேர்த்து ஒரே பைக்காக ஹோண்டா ஒரு வருஷம்கூட விற்றதில்லை!

கதையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அந்த இன்ஜினின் சொந்த பைக்கான சிஆர்500ஆர் 1984-இல் வந்தது, 2001 மாடலோடு நின்றது. நடுவில் 1997-இல் தம்பி சிஆர்250-க்கு அலுமினிய ஃப்ரேம் கிடைத்தது, அண்ணனுக்குக் கடைசிவரை இரும்புதான். அமெரிக்காவில் 500 சிசி தேசிய மோட்டோகிராஸ் 1993-உடன் முடிந்துவிட்டது, அதனால் கம்பெனிக்கு இதில் செலவு செய்ய மனம் வரவில்லை என்று நினைக்கிறேன். ஆனால் பாலைவனத்தில் ஓட்டும் அமெரிக்கர்கள் விடவில்லை. அண்ணனின் இன்ஜினைக் கழற்றித் தம்பியின் ஃப்ரேமில் ஏற்றினார்கள். பெயரில் உள்ள ஏஎஃப் என்பது அலுமினியம் ஃப்ரேம்.

அந்த இன்ஜினுக்கு ஏன் இவ்வளவு ஆசை? ஒரே பிஸ்டன், குறுக்களவு 89 மில்லிமீட்டர், அதாவது காபி டம்ளரின் வாயைவிட அகலம். எக்ஸாஸ்ட் வழியின் அளவை வேகத்துக்கு ஏற்ப மாற்றும் பவர் வால்வ் கிடையாது, அதிர்வைக் குறைக்கும் பேலன்ஸரும் கிடையாது, செல்ஃப் ஸ்டார்ட் பற்றிக் கேட்கவே வேண்டாம். திருகினால் போகும், அவ்வளவுதான்.

சரி, இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த இடம். இன்ஜின் மாற்றுவது என்றால் எல்லோருக்கும் வெல்டிங்தான் நினைவுக்கு வரும், ஆனால் வேலை தொடங்குவது பின்னால் இருக்கும் ஒரு போல்ட்டில். இந்த மாதிரி மோட்டோகிராஸ் பைக்குகளில் ஸ்விங் ஆர்மை, அதாவது பின் சக்கரத்தைத் தாங்கும் கையைப் பிடித்திருக்கும் நீளமான போல்ட், இன்ஜின் கேஸின் பின்பக்கத்துக்குள்ளேயும் நுழைந்து போகிறது. முதலில் அதைப் போட்டுவிட்டு, இன்ஜினை அந்த போல்ட்டிலேயே ஊஞ்சல் மாதிரி மேலும் கீழும் ஆட்டிப் பார்த்து நிலை பிடிக்க வேண்டும். கொஞ்சம் தூக்கினால் ஹெட் மேலே இடிக்கும், இறக்கினால் கேஸ் கீழ்க் குழாயில் உட்காரும். அதோடு முடியவில்லை, இன்ஜின் திரும்பும்போது செயினை இழுக்கும் பல்சக்கரமான முன் ஸ்ப்ராக்கெட்டும் கூடவே ஏறி இறங்குகிறது, செயின் இழுக்கும் கோணம் மாறுகிறது, ஆக்ஸிலரேட்டரைத் திருகியதும் பைக்கின் பின்பக்கம் அமுங்குமா எழும்புமா என்பதே அதனால் மாறிவிடும். சில மில்லிமீட்டர் விஷயம்தான், ஆனால் ஓட்டுகிறவருக்கு உடனே தெரியும்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். ஹீரோ எக்ஸ்பல்ஸ் பைக் வைத்திருப்பவர்கள் இன்ஜினை அணைத்துவிட்டு, செயினின் கீழ்ப்பக்கத்தை ஒரு விரலால் தூக்கிப் பாருங்கள், எவ்வளவு தொய்வு இருக்கிறது? இப்போது இரண்டு நண்பர்களை மேலே உட்காரச் சொல்லி மறுபடியும் தூக்குங்கள். இறுகியிருக்கும்! முன் ஸ்ப்ராக்கெட், ஸ்விங் ஆர்ம் போல்ட், பின் ஆக்ஸில் மூன்றும் ஒரே நேர்கோட்டுக்கு வரும்போதுதான் செயின் மிக இறுக்கமாக இருக்கும். அதனால்தான் பைக் கட்டுகிறவர்கள் ஷாக் அப்சார்பரைக் கழற்றி, சக்கரத்தைத் தூக்கி, அந்த நேர்கோட்டில் நிறுத்தி வைத்துத் தொய்வு பார்க்கிறார்கள். இந்த ஒரு பழக்கத்தைப் பார்த்தாலே வேலை தெரிந்த ஆள் யார் என்று சொல்லிவிடலாம்.

அப்புறம்தான் வெட்டுவது. முன்னால் இறங்கும் குழாயையும் கீழே உள்ள குழாய்களையும் பெரிய இன்ஜினுக்கு இடம் வரும்படி வெட்டி, புது மவுன்ட் வைத்து டிக் வெல்டிங் அடிக்கிறார்கள். அலுமினியம் சூட்டில் வெல்டுக்குப் பக்கத்திலேயே பலம் இழக்கும், பேலன்ஸர் இல்லாத இன்ஜினோ அங்கேயே நாள் முழுக்க உதறும். அதனால் ஃப்ரேமை அசையாமல் பிடிக்கும் ஜிக்கில் இறுக்காமல் வெல்டிங் அடிப்பதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். சைலன்ஸர், கார்புரேட்டர் ரப்பர், ரேடியேட்டர் குழாய் எல்லாம் அளவெடுத்துச் செய்ய வேண்டியவை.

நம்ம ஊரில் செய்யலாமா என்று கமெண்டில் கேட்பீர்கள். ரோட்டு வண்டியில் வேண்டாம், 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்சி புத்தகத்தில் உள்ள விவரங்கள் கம்பெனி முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது.

உங்களிடம் விட்டால் எந்த இன்ஜினை எந்த ஃப்ரேமில் வைப்பீர்கள்? கீழே எழுதுங்கள், ஒவ்வொன்றையும் படிப்பேன். பிடித்திருந்தால் சப்ஸ்கிரைப் பண்ணுங்கள். இப்போது ஹெட்ஃபோனை மாட்டுங்கள், கிக்கர் கீழே போகப் போகிறது.