ஊர்க் கிணற்றில் தண்ணீர் எத்தனை ஆள்?

(கோவையில் நடந்த கட்டடக்கலை வாரத்தின் நிறைவு நாளில் பேசியது)

அவைத்தலைவர் ஐயா அவர்களே, வேலை நெருக்கடியிலும் வந்திருக்கும் மண்டலத் தலைவர் அம்மா அவர்களே, இந்த அரங்கை ஒரு வாரம் வாடகை வாங்காமல் கொடுத்த கல்லூரி முதல்வர் அவர்களே, மேடையில் நாற்காலி போட்டும் கீழே மாணவர்களோடுதான் உட்காருவேன் என்று உட்கார்ந்திருக்கும் எங்கள் மூத்த பொறியாளர் ஐயா அவர்களே, வேலைப்பாட்டைச் செய்து காட்ட வந்த மேஸ்திரிகளே, கொத்தனார்களே, சித்தாள் அக்காமார்களே, அனைவருக்கும் வணக்கம். கொத்தனார்களை முன்வரிசையில் உட்கார வைத்த கூட்டத்தை நான் இதற்கு முன் பார்த்ததில்லை. அதற்காகவே விழாக் குழுவுக்குத் தனியாக ஒரு நன்றி.

அக்டோபர் முதல் திங்கட்கிழமை உலகக் கட்டடக்கலை நாள். அதையொட்டி என்னைப் பேசச் சொன்னார்கள். காற்று, மண், நாலு பேர் கூடும் இடம் என்று மூன்று விஷயம் பேச நினைத்து வந்தேன்.

முதலில் காற்று. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று நமக்குக் காசில்லாமல் கிடைப்பது. மேற்கு வெயிலுக்குத் தாழ்வாரத்தை இறக்கி விட்டு, காற்று நுழைய ஒரு வழியும் கிழக்கே அது வெளியேற ஒரு வழியும் வைத்தால் பாதி நாள் ஃபேன் வேண்டாம். வெளியே மாணவர்கள் செய்து வைத்திருக்கும் மாதிரி வீட்டில் இது அழகாக இருக்கிறது, போகும்போது பாருங்கள்.

அடுத்து மண். எங்கள் அம்மாயி அடிக்கடி சொல்லும் பழமொழி, "ஆற்றில் போட்டாலும் அளந்து போடு." மண்ணை நாம் அளக்காமல் எடுத்தோம். தடாகம் பள்ளத்தாக்கில் செங்கல் சூளைகளுக்காக யானை நடக்கிற பக்கமெல்லாம் செம்மண்ணை வெட்டினோம். 2021-இல் சூளைகள் மூடப்பட்டன. அந்தச் சூளைகளை நம்பியிருந்தவர்களின் பிழைப்பும் அதோடு போனது, அதையும் மறக்கக் கூடாது. இங்கிலாந்தில் பிறந்து கேரளத்தில் வீடு கட்டிய லாரி பேக்கர் செங்கல்லைக் குத்துவாட்டில் நிறுத்தி, நடுவில் இடைவெளி விட்டுச் சுவர் எழுப்பினார். எலிப்பொறிக் கட்டு என்பார்கள். கல் கிட்டத்தட்ட கால் பங்கு மிச்சம், நடுவில் காற்று நிற்பதால் வெக்கையும் குறைவு. நேற்று மதியம் நம் மேஸ்திரி ஒருவர் ரசமட்டம் வைத்து நாலு வரி கட்டிக் காட்டினார். பேக்கரும் அளந்து போட்டவர்தான்.

பழமொழியைச் சொல்லிவிட்டேன், அம்மாயி கதையையும் சொல்லிவிடுகிறேன். என் அம்மாவின் அம்மா. எங்களோடு சிங்காநல்லூர்ப் பக்கம் இருந்தார். எங்கள் வாசலில் எட்டடி அகலத்தில் ஐம்பதடிக் கிணறு ஒன்று இருந்தது. தெருவுக்கே அதுதான் தண்ணீர். 2009-இல் வீட்டை எடுத்துக் கட்டியபோது, வாஸ்து பார்க்க வந்தவர் கிணறு இருக்கிற மூலை ஆகாது என்றார். கட்டிக் கொடுத்த ஒப்பந்தக்காரரும் கார் நிறுத்த இடம் வேண்டுமே என்றார். அப்பா தலையாட்டினார், நானும்தான். பழைய வீட்டை இடித்த மண்ணையும் கல்லையும் டிராக்டரில் கொண்டு வந்து கொட்டினார்கள். அம்மாயி திண்ணையில் உட்கார்ந்து, ஒரு நடைக்கு ஒரு புளியங்கொட்டை என்று ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுக்கொண்டே இருந்தார். தடுக்கவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. மொத்தம் இருபத்தேழு கொட்டை. பாட்டிலை மூடிச் சாமி அலமாரியில் வைத்துவிட்டார்.

ஏழே வருஷம். 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. எங்கள் போர்வெல் காற்றைத்தான் இறைத்தது, லாரித் தண்ணீர் வாங்கினோம். ஒருநாள் அந்த லாரி வாசலில் ஏறி நின்றபோது கார் நிறுத்தும் இடத்து டைல்ஸ் ஓரடி உள்ளே இறங்கிவிட்டது. அப்பா அன்று ராத்திரி தூங்கவில்லை. 2017 கோடையில், கிணறு தூர்வாருகிற ஆட்களைக் கூப்பிட்டு, கிரேன் வைத்து எல்லாவற்றையும் அள்ளினோம். அப்போது அம்மாயிக்கு எண்பத்தாறு வயது. அதே திண்ணை, அதே பாட்டில். இந்த முறை ஒரு நடைக்கு ஒரு கொட்டையை வெளியே எடுத்து வைத்தார். முப்பத்தைந்தடியில் பாறையோடு பாறையாக இறுகிப்போய், அதற்குக் கீழே அள்ள முடியாது என்று நிறுத்தினார்கள். பாட்டிலில் எட்டுக் கொட்டை மிச்சம். அம்மாயி அதைக் குலுக்கிக் காட்டி, "ஏனுங் மாப்பிள்ளை, பாக்கி எட்டு நடை எங்கீங்க போச்சு?" என்று கேட்டார். அப்பா குனிந்த தலை நிமிரவில்லை. எனக்கும் இன்றுவரை அதற்குப் பதில் தெரியாது.

மொட்டை மாடித் தண்ணீரைக் கூழாங்கல் தொட்டி வழியாக அந்தக் கிணற்றில் விட்டோம். அடுத்த மழைக்கு அம்மாயி கேட்ட முதல் கேள்வி, "தண்ணி எத்தனை ஆளு நிக்குது?" ஒன்றரை ஆள் உயரத்துக்கு நின்றது. அவர் இப்போது இல்லை. பாட்டில் இருக்கிறது.

கொங்கு நாடு பாறை நாடு. தண்ணீர் மேல்மண்ணிலும் பாறை வெடிப்பிலும்தான் நிற்கும். நம் முன்னோர் வெட்டிய திறந்த கிணறு அந்த வெடிப்புகளை நேராகத் தொடுகிறது. வெள்ளியங்கிரியில் பிறந்து வருகிற நொய்யலைத் தடுத்து, வாய்க்காலில் திருப்பி, குளத்துக்குக் குளம் நிரப்பி வைத்தது பாசனத்துக்கும், இந்தக் கிணறுகள் ஊறவும்தான். உக்கடம் பெரியகுளத்துக் கரையில் நடைபாதை போட்டிருக்கிறார்கள், சாயங்காலம் குடும்பம் குடும்பமாக ஜனம் வருகிறது. எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் குளம் ஊற வைக்கிற கிணற்றைக் குப்பை போட்டு மூடிவிட்டுக் கரைக்கு விளக்குப் போட்டால் எப்படி?

2003-இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. ஆயிரம் சதுர அடி மாடியில், வருஷம் 600 மில்லிமீட்டர் மழை என்று வைத்தால் சுமார் 55,000 லிட்டர் விழுகிறது. சிந்தியது, ஆவியானது போக எண்பது சதவீதம் பிடித்தாலும் 44,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் கிட்டத்தட்ட நாலு லாரி. அளந்து பார்த்தால்தான் இது தெரியும். அம்மாயி சொன்னது செலவுக்கு மட்டுமில்லை, வரவுக்கும்தான்.

கூடும் இடத்தைப் பற்றித் தனியாகப் பேச நேரமில்லை. குடத்தோடு நாலு பேர் நின்று பேசிய இடம் கிணற்றடிதான், அதுவும் இதில் அடக்கம்.

மண்டலத் தலைவர் அம்மாவிடம் ஒரு விண்ணப்பம். ஒவ்வொரு வார்டிலும் பொதுக் கிணறு, கோவில் கிணறு, பள்ளிக்கூடக் கிணறு எத்தனை என்று ஒரு பதிவேடு எழுத வேண்டும். பட்டியலில் ஏறிய கிணற்றை யாரும் மூடக் கூடாது. குழந்தைகள் விழுந்துவிடுமே என்ற பயம் நியாயமானது. அதற்குக் கம்பி வலை போடலாம், கைப்பிடிச் சுவரை உயர்த்தலாம். மாணவர்களே, அடுத்த வருஷப் போட்டிக்கு வானளாவிய கோபுரம் வேண்டாம், ஒரு கிணற்றடியை வரைந்து கொடுங்கள்.

பதிவேட்டை நாமே தொடங்கிவிடலாம். வரும் ஞாயிறு காலை ஆறரை மணிக்கு இந்தக் கல்லூரி வாசலுக்கு வாருங்கள். முதல்வர் ஐயா சம்மதித்துவிட்டார். யாரும் கிணற்றில் இறங்க வேண்டாம், மேலிருந்தே அளக்கலாம். கயிறும் கல்லும் நான் கொண்டு வருகிறேன், நோட்டுப் புத்தகம் நீங்கள் கொண்டு வாருங்கள்.