சோதித்தால் போதுமா? மென்பொருளை நிரூபிப்பது பற்றி

அவையோர் அனைவருக்கும் வணக்கம். இன்று இந்த நூலகத்துக்கு வந்திருப்பவர்களில் சிலராவது சிங்கப்பூரின் வடகிழக்கு ரயில் பாதையில் வந்திருப்பீர்கள். 2003ஆம் ஆண்டு திறக்கப்பட்டது முதல் அந்தப் பாதையில் ரயில்கள் ஓட்டுநர் இல்லாமலேயே ஓடுகின்றன. முன்னால் செல்லும் ரயிலுக்கும் பின்னால் வருவதற்கும் எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பன போன்ற முடிவுகள் மென்பொருளிடம் விடப்பட்டிருக்கின்றன. அப்படிப்பட்ட மென்பொருள் சரியானது என்று எதை வைத்துச் சொல்லலாம் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

சோதித்துப் பார்த்துவிட்டோம் என்பது வழக்கமான பதில். சோதனை தேவைதான். ஆனால் இரண்டு 32 பிட் எண்களை, அதாவது 0, 1 என்ற இலக்கங்கள் 32 கொண்டு எழுதப்படும் எண்களை, உள்ளீடாகப் பெறும் மிகச் சிறிய நிரலுக்கே ஏறத்தாழ 18 பில்லியன் பில்லியன் உள்ளீட்டு இணைகள் உண்டு. விநாடிக்கு ஒரு பில்லியன் வீதம் சோதித்தாலும் 580 ஆண்டுகளுக்கு மேலாகும். ஃபார்மல் மெத்தட்ஸ் எனப்படும் நிரூபண முறைகள் வேறு வழியில் செல்கின்றன. நிரல் தொடங்கும்போது எது உண்மையாக இருக்கும், முடியும்போது எது உண்மையாக இருக்க வேண்டும் என்பவற்றைக் கணித வாக்கியங்களாக எழுதி, முன்னதிலிருந்து பின்னது தவறாமல் பின்தொடரும் என்று காட்ட வேண்டும் என்கிற அடிப்படையை 1969இல் கணினி அறிஞர் டோனி ஹோர் வகுத்துத் தந்தார்.

இதன் அருமையை ஓர் எடுத்துக்காட்டில் காணலாம். ஏறுவரிசையில் அடுக்கிய பட்டியலில் ஓர் எண்ணைத் தேட, நடுவிடத்தைப் பார்த்து, வேண்டாத பாதியை ஒதுக்கிக்கொண்டே போகும் இருமத் தேடலைக் கணினி படிக்கும் மாணவர் எல்லாரும் அறிவர். நடுவிடத்தைக் காணக் கீழெல்லையையும் மேலெல்லையையும் கூட்டி இரண்டால் வகுப்பார்கள். காகிதத்தில் இது முற்றிலும் சரி. ஆனால் 32 பிட் முழு எண் 2,147,483,647ஐத் தாண்டாது. எல்லைகள் 1.5 பில்லியனும் 2 பில்லியனுமாக இருந்தால், அவற்றின் கூட்டுத்தொகை அந்த வரம்பை மீறி எதிர்ம எண்ணாக மாறிவிடும், நிரல் பட்டியலுக்கு வெளியே போய் நிற்கும். ஜாவா என்ற நிரல்மொழியின் ஆயத்த நிரல் தொகுப்பில் பல ஆண்டுகள் இருந்த இந்தப் பிழையை 2006இல் கணினிப் பொறியாளர் ஜோஷுவா பிளாக் வெளிப்படுத்தினார். படிமுறையை நிரூபித்தவர்கள் தவறு செய்யவில்லை. எண்களுக்கு வரம்பே இல்லை என்று எடுத்துக்கொண்டார்கள், அதை எங்கும் எழுதவில்லை. இன்றைய நிரூபணக் கருவியிடம் அதே நிரலைக் கொடுத்து, எண்கள் 32 பிட் என்றும் சொன்னால், கூட்டல் வரம்பை மீறாது என்பதை நிரூபிக்கும்படி அது கேட்கும். அப்போதுதான், மேலெல்லையிலிருந்து கீழெல்லையைக் கழித்து, அதில் பாதியைக் கீழெல்லையோடு கூட்டினால் இந்தச் சிக்கலே எழாது என்பது நிரலாளருக்குப் புலப்படும். 1996 ஜூன் 4 அன்று ஐரோப்பாவின் ஏரியான் 5 ராக்கெட் புறப்பட்ட ஒரு நிமிடத்துக்குள் அழிந்ததும் இதே இனத்தைச் சேர்ந்ததுதான்: முந்தைய ஏரியான் 4க்குப் பொருந்திய ஓர் எடுகோள், 16 பிட்டுக்குள் அடங்காத மதிப்பைத் தந்த புதிய ராக்கெட்டுக்குப் பொருந்தவில்லை.

இந்த முறைகள் நடைமுறைக்கு உதவாது என்பவர்களிடம் நான் பாரிஸ் நகரத்தைச் சுட்டிக்காட்டுவேன். 1998இல் திறக்கப்பட்ட, ஓட்டுநர் இல்லாத மெட்ரோ 14ஆம் தடத்தின் பாதுகாப்பு மென்பொருள் பி என்ற நிரூபண முறையில் உருவானது. முதலில் பொதுவான விவரக்குறிப்பு. பிறகு படிப்படியாக நுணுக்கம். ஒவ்வொரு படியும் முந்தையதை மீறவில்லை என்பதற்கு நிரூபணம். முடிவில் ஏறக்குறைய 86,000 வரி நிரல், ஏடா என்ற நிரல்மொழியில். நிரூபித்த பகுதிக்குத் தனித்தனி அலகுச் சோதனைகளே நடத்தப்படவில்லை.

உழைப்பு பெரிதுதான், மறுக்கவில்லை. 2009இல் ஆஸ்திரேலியாவில் நிரூபிக்கப்பட்ட எஸ்இஎல்4 என்ற கருநிரலில் (இயங்குதளத்தின் மையப் பகுதியில்) சி மொழி வரிகள் சுமார் 8,700. அதற்கான நிரூபணமோ 2,00,000 வரிகளை எட்டியது. அதிலும் வன்பொருளும், நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் தொகுப்பியும் சரியாக இயங்கும் என்பது எடுகோள். ஆனால் அந்த எடுகோள்கள் வெளிப்படையாக எழுதப்பட்டிருந்தன, ஆகவே யாரும் அவற்றைக் கேள்வி கேட்கலாம். நிரூபண முறைகளின் முதற்பயனாக நான் இதைத்தான் கருதுகிறேன். எல்லா மென்பொருளுக்கும் இவ்வளவு செலவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ரயில் சமிக்ஞைக்கும் மருந்து செலுத்தும் கருவிக்கும் செலவிடத் தயங்கினால்தான் தவறு.

இங்குள்ள பலதுறைத் தொழிற்கல்லூரி, பல்கலைக்கழக மாணவர்கள் முழு நிரூபணத்தில் தொடங்க வேண்டியதில்லை. அமைப்பு அடையக்கூடிய நிலைகள் அனைத்தையும் கணினியே ஆராயும் மாதிரிச் சரிபார்ப்பு எளிய வாயில். அமேசான் பொறியாளர்கள் கணினி அறிஞர் லெஸ்லி லாம்போர்ட் உருவாக்கிய டிஎல்ஏ பிளஸ் என்ற விவரக்குறிப்பு மொழியைக் கொண்டு, 35 படிகள் அந்த வரிசையிலேயே நடந்தால் மட்டும் தலைகாட்டும் பிழை ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். நம் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் உருவான பாட் கருவியும் இத்தகையதே. அடுக்குமாடி மின்தூக்கி ஒன்றை மாதிரியாக எழுதிப் பாருங்கள். கதவு திறந்திருக்கையில் அது நகரக் கூடாது, அழைத்த மாடிக்கு எப்போதாவது வந்தே தீர வேண்டும் என்ற இரண்டு விதிகள் போதும். பிறகு தீ எச்சரிக்கை ஒலிக்கும் நிலையையும் அதில் சேருங்கள்; தீயின்போது கீழ்த்தளத்துக்கு அனுப்பப்பட்ட மின்தூக்கி இரண்டாம் விதியை மீறுவதைக் கருவி காட்டும், அந்த விதியை எப்படித் திருத்தி எழுதுவது என்பதை நீங்கள்தான் முடிவுசெய்ய வேண்டியிருக்கும்.