49 நிமிடத்தில் கலைந்த அவை

நேயர்களுக்கு வணக்கம்.

2010 ஜூலை 20 அன்று அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் சட்டமன்றத்தின் சிறப்புக் கூட்டம் ஒன்று நடந்தது. கூட்டியவர் ஆளுநர் சார்லி கிறிஸ்ட். அங்கே ஆளுநர் என்பவர் நம் முதலமைச்சரைப் போல மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பவர். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். மாநிலத்துக்குச் சொந்தமான கடலில் எண்ணெய்க் கிணறு தோண்டக் கூடாது என்பதை மாநில அரசியல் சட்டத்திலேயே எழுதிவிடலாமா என்று நவம்பர் தேர்தலில் மக்களிடம் கேட்போம், அதற்கு வழிவிடுங்கள் என்றார். சட்டமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் அவை அதற்கு வழிவிடாமலே, கூடிய 49-ஆவது நிமிடத்தில் கூட்டத்தை முடித்துக் கலைந்துவிட்டது. மேலவையும் அன்றே கலைந்தது.

அந்தத் தேதியைக் கவனியுங்கள். டீப்வாட்டர் ஹொரைசன் எண்ணெய் மேடை வெடித்து 11 தொழிலாளர்கள் இறந்தது அதே ஆண்டு ஏப்ரல் 20-ஆம் தேதி. உடைந்த கிணறு 87 நாட்கள் மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெயைக் கக்கியது. ஜூலை 15-இல்தான் அதன் வாயை அடைக்க முடிந்தது. அடைத்து ஐந்தே நாள். ஃபுளோரிடாவின் பென்சகோலா கடற்கரை வெண்மணலுக்குப் பேர் போனது. அங்கே தார் உருண்டைகள் வந்து ஒதுங்கியிருந்தன. ஓட்டல்காரர்களும் படகுக்காரர்களும் வருமானமில்லாமல் இருந்தார்கள். மக்களிடம் கேட்க அதைவிடப் பொருத்தமான நேரம் இருந்திருக்க முடியாது. கேட்க மறுத்தவர்களுக்கும் அது தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

அவர்கள் பக்கமும் ஒரு வாதம் இருந்தது. 'மாநிலக் கடலில் கிணறு தோண்ட ஏற்கெனவே சட்டப்படி தடை இருக்கிறதே, அதை எதற்கு அரசியல் சட்டத்தில் வேறு எழுத வேண்டும்? தேர்தலுக்காக ஆளுநர் போடும் நாடகம் இது' என்றார்கள். கிறிஸ்ட் அப்போது அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டுக்குச் சுயேச்சையாகப் போட்டியிட்டுக்கொண்டிருந்தார் என்பது உண்மை. 2008-இல் அவரே எண்ணெய் எடுப்பதன் பக்கம் சாய்ந்து பேசியவர் என்பதும் உண்மை. ஆனால் சாதாரணச் சட்டத்தைச் சட்டமன்றம் நினைத்தால் மாற்றிவிடலாம். முந்தைய ஆண்டு, 2009-இல், இதே பிரதிநிதிகள் அவைதான் அந்தத் தடையைத் தளர்த்தும் மசோதாவை நிறைவேற்றியது! மேலவையில் முடங்கியதால் கடல் தப்பியது. அரசியல் சட்டத்தில் ஏறிவிட்டால், மறுபடி மக்களைக் கேட்காமல் கை வைக்க முடியாது. அங்கே அதற்கு 100-க்கு 60 வாக்குகள் வேண்டும்.

மக்களிடம் கேட்க எட்டு ஆண்டுகள் ஆயின. கேட்டதும் சட்டமன்றம் இல்லை. ஃபுளோரிடாவில் 20 ஆண்டுக்கு ஒருமுறை 37 பேர் கொண்ட ஆணையம் ஒன்று கூடி அரசியல் சட்டத்தைச் சீராய்கிறது. 2018-இல் அந்த ஆணையம் நேரடியாகவே வாக்குச்சீட்டில் கேள்வியை ஏற்றியது. அதிலும் ஒரு கோணல். எண்ணெய்க் கிணற்றுத் தடையோடு, மூடிய பணியிடங்களில் மின்சிகரெட் புகைக்கத் தடை என்பதையும் சேர்த்து ஒரே கேள்வியாக்கிவிட்டார்கள்! தூய நீர், தூய காற்று, இரண்டும் சுற்றுச்சூழல்தானே என்பது அவர்கள் சொன்ன காரணம். எண்ணெய் எடுப்பதை எதிர்க்கும் ஒருவர், புகைப்பது என் சொந்த விஷயம் என்று நினைத்தால் எங்கே வாக்களிப்பார்? பொதுமக்களே கையெழுத்துத் திரட்டிக் கொண்டுவரும் திருத்தம் என்றால் ஒரே பொருளில்தான் இருக்க வேண்டும் என்று அதே மாநிலம் விதி வைத்திருக்கிறது. ஆணையத்துக்கு அந்த விதி கிடையாது. வழக்கும் போட்டார்கள், மாநில உச்ச நீதிமன்றம் கேள்வியை அனுமதித்தது.

நவம்பர் 6 அன்று கிட்டத்தட்ட 69 விழுக்காட்டினர் ஆம் என்றார்கள். இரண்டையும் பிரித்துக் கேட்டிருந்தால் எண்ணெய்க்கு எதிராக இன்னும் எத்தனை விழுக்காடு கிடைத்திருக்கும் என்பது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. எனக்கு இதில் வருத்தம் உண்டு. மக்களிடம் கேட்பது என்று முடிவு செய்தால் நேராகக் கேட்க வேண்டும்.

இந்தத் தடை எவ்வளவு தூரம் செல்லும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஃபுளோரிடாவுக்குச் சொந்தமான கடல் அட்லாண்டிக் பக்கம் மூன்று கடல் மைல், வளைகுடாப் பக்கம் ஒன்பது கடல் மைல். அதற்கப்பால் வாஷிங்டன் அரசின் கடல். வெடித்த அந்தக் கிணறு இருந்தது லூசியானா கரையிலிருந்து சுமார் 41 மைல் தள்ளி. 2018-இல் நிறைவேறிய தடை 2010-இலேயே இருந்திருந்தாலும் அந்த விபத்தைத் தடுத்திருக்காது. நம் நாட்டில் நிலைமை வேறு. அரசியல் சட்டத்தின் 297-ஆம் பிரிவின்படி கடலடியில் உள்ள கனிமம் முழுவதும் ஒன்றிய அரசுடையது. கரையோர மாநிலத்துக்கு ஒரு மைல்கூடக் கிடையாது.

அப்படியானால் அந்த வாக்கெடுப்பு வீணா? வாக்கெடுப்புக்கு முன்பே, 2018 ஜனவரியில், கிட்டத்தட்ட எல்லா ஒன்றியக் கடல்களையும் எண்ணெய்க்குத் திறக்கும் திட்டத்தை அமெரிக்க உள்துறைச் செயலர் ரயன் சிங்கி அறிவித்தார். ஐந்தாவது நாளே ஃபுளோரிடாவுக்கு வந்து, உங்கள் கரையை விட்டுவிடுகிறோம் என்றார். 2020 செப்டம்பரில், அதிபர் தேர்தலுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, கிழக்கு வளைகுடாவில் எண்ணெய்க் குத்தகைக்கு இருந்த தடையை 2032 வரை நீட்டித்து டிரம்ப் கையெழுத்திட்டார். கையெழுத்திட்ட இடம் வெள்ளை மாளிகை அல்ல, ஃபுளோரிடாவின் ஜூபிடர் நகரம். அந்த 69 விழுக்காட்டை அவர் மறந்துவிட்டு அங்கே போனார் என்று நான் நம்பவில்லை.

வணக்கம்.