மதிப்பெண் தாளை எழுதுகிறவர்கள்

(கீழக்கரைப் பக்கத்து மகளிர் கல்லூரி ஒன்றில், உடற்கல்வி மாணவியருக்கும் சுற்றுவட்டாரப் பள்ளிகளின் உடற்கல்வி ஆசிரியர்களுக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

தலைவர் அவர்களுக்கும், ஆசிரியப் பெருமக்களுக்கும், மாணவியருக்கும் என் வணக்கம்.

சியர்லீடிங் என்றதும் உங்களில் பெரும்பாலோருக்கு, 2008ஆம் ஆண்டு தொடங்கிய ஐபிஎல் கிரிக்கெட்டில் பந்து எல்லைக்கோட்டைத் தாண்டும்போதெல்லாம் சிறு மேடையில் ஏறி ஆடிய பெண்களே நினைவுக்கு வருவார்கள். என் உறவினர் பலருக்கும் அப்படித்தான். கோலாலம்பூரில் பள்ளிகளுக்கிடையிலான சியர்லீடிங் போட்டிகளை நடத்துவதே என் வேலையாக இருந்த காலத்தில், தொண்டியில் யாராவது கேட்டால், “மலேசியாவில் ஏதோ விளையாட்டுத் துறையில் இருக்கிறாள்” என்று சொல்லிவிட்டு என் பெரியம்மா பேச்சை மாற்றிவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் பார்த்தது அதைத்தான். நீங்கள் இங்கே முதன்முறையாக ஒரு சியர்லீடிங் போட்டி நடத்தவிருக்கிறீர்கள். நான் இன்று பேச வந்திருப்பது, 54 அடிக்கு 42 அடி விரிப்பின் மீது, இரண்டரை நிமிடத்துக்குள், ஏறத்தாழ இருபது பேர் ஒருவரையொருவர் தூக்கியும் வீசியும் பிடித்தும் நடுவர்கள் முன் செய்துகாட்டும் போட்டியைப் பற்றியும், அதை நடத்துகிறவரின் தொழிலைப் பற்றியும்.

இதன் தொடக்கம் ஆண்களிடம் இருந்தது. 1898 நவம்பர் 2 அன்று, அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தில் ஜானி கேம்பல் என்ற மாணவர் கூட்டத்தின் முன் நின்று முழக்கத்தை வழிநடத்தியதைத்தான் பிறந்த நாளாகக் கொள்கிறார்கள். அதே பல்கலைக்கழகத்தில் 1923இல் பெண்கள் சேர்ந்தார்கள். இரண்டாம் உலகப் போருக்கு இளைஞர்கள் சென்றபின் அவர்கள் விட்டுச்சென்ற இடத்தையும் பெண்களே நிரப்பினார்கள். அதுவரை இதில் போட்டி என்று ஒன்றும் இல்லை. 1948இல் லாரன்ஸ் ஹெர்க்கிமர் டெக்சாஸ் மாநிலத்தில் ஒரு பயிற்சி முகாம் நடத்தினார். வந்தவர்கள் 52 பெண்கள், ஒரே ஒரு ஆண். அந்த முகாமிலிருந்து ஒரு சங்கமும், சங்கத்திலிருந்து ஒரு தொழிலும் வளர்ந்தன. அவரிடம் வேலை பார்த்த ஜெஃப் வெப், 1974இல் பிரிந்து தனி நிறுவனம் தொடங்கி, முழக்கத்தைவிடத் தூக்குதலுக்கும் குட்டிக்கரணத்துக்கும் முதலிடம் கொடுத்தார். முகாமில் கற்றுக்கொடுத்ததை யார் நன்றாகச் செய்கிறார்கள் என்று பார்ப்பதற்குப் போட்டி வந்தது. போட்டியைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். காட்டியதைக் கண்ட பிள்ளைகள் முகாமுக்கு வந்தார்கள். பிறகு, எந்தப் பள்ளிக்கும் எந்தக் கால்பந்து அணிக்கும் முழக்கமிடாமல், போட்டிக்காக மட்டுமே பயிற்சி பெறும் ‘ஆல் ஸ்டார்’ அணிகளும் உருவாயின. 2004இல் அனைத்துலகச் சியர் சங்கம் அமைந்தது. அதற்கு 2016இல் தற்காலிகமாகவும் 2021இல் முழுமையாகவும் அனைத்துலக ஒலிம்பிக் குழு அங்கீகாரம் வழங்கியது.

இந்த வரலாற்றில் ஒன்றைக் கவனியுங்கள். கபடியை ஊர்கள் ஆடின. சங்கங்கள் பின்னால் வந்தன. சியர்லீடிங்கின் இன்றைய வடிவத்தை உண்டாக்கியவர்களோ போட்டி நடத்தியவர்கள். அனைத்துலகச் சங்கத்தின் அணிப் பிரிவு மதிப்பெண் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 100. கூட்டத்தைச் சேர்ந்து முழங்கவைப்பதற்கு 10, ஸ்டண்ட் என்னும் தூக்குதலுக்கு 25, பிரமிடுக்கு 25, பாஸ்கட் டாஸ் என்னும் மேல்நோக்கி வீசுதலுக்கு 15, தரையில் புரளும் டம்ப்ளிங்குக்கு 10, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் ஓட்டத்துக்கு 5, ஒட்டுமொத்தத் தோற்றத்துக்கு 10. ஒரு பிள்ளையைத் தரையிலிருந்து உயர்த்துவதற்கே நூற்றில் 65 போய்விடுகிறது. எந்த வேலைக்காக இந்தக் கலை பிறந்ததோ அதற்கு மிஞ்சியது பத்து. அந்தத் தாளைக் கையில் வைத்திருக்கும் பயிற்சியாளர் மாலை நேரப் பயிற்சியை எதில் செலவிடுவார்? மேலே ஏறும் ஃப்ளையர் எந்த எடையில் இருக்க வேண்டும் என்று நினைப்பார்? கீழே தாங்கும் பேஸ், பின்னால் நின்று தலையையும் கழுத்தையும் காக்கும் பேக் ஸ்பாட் ஆகியோரின் முதுகும் மணிக்கட்டும் எவ்வளவு சுமக்கும்? இவை எல்லாவற்றையும், அந்த ஊருக்கே வந்திராத யாரோ ஒருவர், ஒரு மேசையில் உட்கார்ந்து எண்களை நிரப்பும்போதே முடிவுசெய்துவிடுகிறார். என் தொழிலின் பொறுப்பு அந்த மேசையில் தொடங்குகிறது என்பதுதான் இன்று நான் உங்களுக்குச் சொல்ல விரும்பும் செய்தி.

நீதிமன்றம்கூட இதைப் போட்டி நடத்துவோரின் பக்கத்திலிருந்தே பார்த்திருக்கிறது. அமெரிக்காவில் குவினிபியாக் பல்கலைக்கழகம் பெண்கள் கைப்பந்து அணியை நிறுத்திவிட்டு, சியர்லீடிங் அணியைப் பெண்கள் விளையாட்டுக் கணக்கில் காட்ட முயன்றபோது, 2010இல் கூட்டாட்சி நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 2012இல் மேல்முறையீட்டிலும் அந்தத் தீர்ப்பு நிலைத்தது. அந்தப் பெண்களின் வலிமையையோ திறமையையோ நீதிபதி ஐயப்படவில்லை. எல்லாப் போட்டிகளுக்கும் பொதுவான விதிகள் இல்லை, ஒன்றுக்கு மேல் ஒன்றாக வளர்ந்து இறுதிக்குச் செல்லும் ஒழுங்கான சுற்றுகள் இல்லை என்பன அவர் கண்ட குறைகள். விளையாடியவர்கள் செய்ய வேண்டியதைச் செய்திருந்தார்கள். நடத்தியவர்களின் வேலைதான் பாதியில் நின்றது.

பாதுகாப்புக்கு வருகிறேன். அமெரிக்காவில் மாணவியர் விளையாட்டுகளில் நேரும் மிகக் கொடிய காயங்களில், அதாவது தலை, கழுத்து, தண்டுவடம் சார்ந்தவற்றில், பெரும்பங்கு சியர்லீடிங்கிலிருந்தே வந்ததாகப் பல ஆண்டுப் பதிவுகள் காட்டின. அதன் பிறகே விரிப்பில்லாத கட்டாந்தரையில் வீசுவதற்குத் தடை வந்தது. எந்த அணி எதைச் செய்யலாம் என்பதற்குப் படிநிலைகள் கடுமையாயின. ஆல் ஸ்டார் முறையில் ஏழு படிநிலைகள். முதல் படிநிலையில் வீசுதலுக்கு இடமே இல்லை. ஓர் அணி எவ்வளவு ஆசைப்பட்டாலும், அடுத்த படிநிலைக்குரிய ஒன்றைச் செய்துகாட்டினால் அதற்குப் பாராட்டு இல்லை, மதிப்பெண் கழிவுதான். இதைப் பார்ப்பதற்கென்றே தனி நடுவர் உட்கார்ந்திருப்பார். மற்ற நடுவர்கள் அழகையும் நேர்த்தியையும் பார்க்க, அவர் விதியை மட்டும் பார்ப்பார். அந்த இருக்கையில் யாரை உட்காரவைப்பது என்பதற்குத்தான் நான் எப்போதும் அதிகம் யோசிப்பேன். கைதட்டலுக்கு மயங்காதவராக இருக்க வேண்டும்.

மற்றவை பார்ப்பதற்குச் சில்லறை வேலைகள். ஆறடி அகலமும் 42 அடி நீளமும் கொண்ட ஒன்பது விரிப்புகளை இணைக்கும் பட்டை ஓரிடத்தில் தூக்கியிருந்தாலும் கணுக்கால் மடங்கும். பாட்டை அணியின் கைப்பேசியிலிருந்து ஒலிக்கவிட்டால் நடுவில் அழைப்பு வரும். நம் கருவி பழுதாகிப் பாட்டு நின்றால், அணி முதலிலிருந்து முழுவதையும் மீண்டும் செய்யலாம். ஆனால் எந்த இடத்தில் நின்றதோ அதற்குப் பிந்தியதற்கு மட்டுமே மதிப்பெண். இந்த விதியை முன்கூட்டியே எழுதித் தராவிட்டால் அன்று மாலை பெற்றோரிடமிருந்து தப்ப முடியாது.

நேரத்தைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பக்கத்தில் அது மரியாதையோடு முட்டிக்கொள்ளும். நாற்பது அணிகள், ஓர் அணிக்கு உள்ளே வரவும் வெளியேறவும் மதிப்பெண் இடவும் சேர்த்து ஐந்து நிமிடம் என்றால், இடைவேளை இல்லாமல் மூன்று மணி இருபது நிமிடம். ஒவ்வோர் அணியும் தன் முறைக்கு முன், உடலை நீட்டுவதற்கும் புரள்வதற்கும் தூக்குவதற்கும் தனித்தனி இடங்களில் வரிசையாகச் சூடேறி வரும். இந்த நிலையில் சிறப்பு விருந்தினர் வரவில்லை என்று ஒரு மணி நேரம் நிறுத்திவைத்தால், சூடேறிய உடல்கள் ஆறிப்போகும். ஆறிய உடலோடு ஒரு பிள்ளையை மேலே வீசச் சொல்வது விபத்தை அழைப்பதாகும். ஆகவே பொன்னாடை, நினைவுப் பரிசு, வாழ்த்துரை அனைத்தும் கடைசி அணி இறங்கிய பின்புதான். இதை அழைப்பிதழ் அச்சிடும் முன்பே விருந்தினரிடம் நேரில் சென்று சொல்லிவிட வேண்டும். பெரும்பாலோர் ஒப்புக்கொள்வார்கள், ஒப்பாதவரை விடுத்து வேறொருவரை அழைப்பது நல்லது.

பணத்துக்கு வருவோம். போட்டி நடத்துவது அமெரிக்காவில் பெரும் வணிகம். முகாம், சீருடை, போட்டி மூன்றிலும் வர்சிட்டி என்ற ஒரே நிறுவனத்தின் கை ஓங்கியது. போட்டிக்கு வரும் அணிகள் குறிப்பிட்ட விடுதிகளிலேயே தங்க வேண்டும் என்ற கட்டுப்பாடும் பெற்றோருக்குச் சுமையானது. எதிர் நிறுவனங்களை ஒடுக்கிச் சந்தையைக் கைக்குள் வைத்ததாகத் தொடுக்கப்பட்ட வழக்குகளில், 2023இல் 4.35 கோடி டாலருக்கும், 2024இல் 8.25 கோடி டாலருக்கும் சமரசம் ஏற்பட்டது. விதியை எழுதுகிறவரும் சீருடை விற்பவரும் கோப்பை கொடுப்பவரும் ஒருவராகவே இருந்தால், பிள்ளையின் நலனுக்காகப் பேச அந்த அறையில் ஆள் இருக்காது என்பது என் கருத்து.

நம் கடற்கரையில் பணம் வேறு வழியில் வருகிறது. கபடிப் போட்டியானாலும், தொண்டிப் பக்கத்தில் நடக்கும் பாய்மரப் படகுப் போட்டியானாலும், முதல் பரிசு இன்னார், இரண்டாம் பரிசு இன்னார் என்று ஃபிளெக்ஸ் பலகையில் பெயர் போட்டு, ஊர்க்காரர்களும் வெளிநாட்டில் இருப்பவர்களும் கொடுக்கிறார்கள். நுழைவுக் கட்டணத்தை நம்பாத இந்த முறை எனக்குப் பிடிக்கும். ஏழை வீட்டுப் பெண்ணும் வரலாம். ஆனால் கொடுப்பவர் அனைவரும் பரிசுத் தொகையையே உயர்த்த விரும்புகிறார்கள். விரிப்பு வாங்கித் தர யாரும் முன்வருவதில்லை, அதில் பெயர் எழுத இடமில்லை என்பதால் இருக்கலாம். விரிப்பின் ஓரத்தில் பெயரை அச்சிட்டுக் கொடுங்கள். ரொக்கப் பரிசு பெரிதாகப் பெரிதாக, தெரியாததைச் செய்துபார்க்கும் துணிச்சலும் பெரிதாகும். எனவே நீங்கள் நடத்தும் போட்டியில் கோப்பையும் சான்றிதழும் மட்டும் போதும்.

இடம் எது என்று கேட்டால், யாராவது ஒருவர் அரியமான் கடற்கரையையோ தனுஷ்கோடியையோ சொல்வார். படம் அழகாக வரும் என்பார். மணல் ஒவ்வொரு காலடியிலும் ஒவ்வொரு விதமாக இறங்கும். தாங்கும் மூவரின் தோள்கள் ஒரே உயரத்தில் நிற்காது. வாடைக் காற்றோ கச்சான் காற்றோ வீசும் பருவத்தில், மேலே போன பிள்ளை நேராகக் கீழே வருவாள் என்றும் சொல்ல முடியாது. இராமநாதபுரம் நகருக்குள், உயரமான கூரையுள்ள அரங்கில், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அருகில் நடத்துங்கள். இராமேசுவரத்திலிருந்து அங்கு வர ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் ஆகும் என்பது, கழுத்தில் அடிபட்ட ஒருத்தியை வண்டியில் ஏற்றிய பின்புதான் நினைவுக்கு வரக் கூடாது. 108 ஊழியர்கள் வரும்வரை அவளை யாரும் தூக்கவோ திருப்பவோ கூடாது என்பதையும், அதைச் சொல்லும் அதிகாரம் யாருக்கு என்பதையும் முன்னரே எழுதிவைக்க வேண்டும்.

உடையைப் பற்றிப் பெற்றோர் கேட்பார்கள், கேட்க வேண்டும். குட்டைப் பாவாடை அணியாவிட்டால் மதிப்பெண் குறையும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. நகை கூடாது, கூந்தல் கட்டியிருக்க வேண்டும், காலணி உறுதியாக இருக்க வேண்டும், பிடிக்கும் இடத்தில் துணி வழுக்கக் கூடாது. மலேசியாவில் தலைமுடியை மறைத்து, முழுக்கையும் முழுக்காலும் மூடிய சீருடையில் பல பள்ளி மாணவியர் ஆடுவதைக் கண்டிருக்கிறேன். குத்தூசி இல்லாமல் அணியும் தலைத்துணியாக இருந்தால் போதும். கீழக்கரையிலும் தொண்டியிலும் இந்தப் பதிலோடு சென்றால் பாதி வீடுகளின் கதவு திறக்கும்.

உங்கள் போட்டியின் முதல் ஆண்டுக்கு நான் எழுதித் தந்திருக்கும் மதிப்பெண் தாளில், வீசுதலே இல்லை. தூக்குதல் இடுப்பு உயரத்தோடு நிற்கும். கூட்டத்தைச் சேர்ந்து முழங்கவைப்பதற்கு 30 மதிப்பெண். முழக்கம் தமிழில், அணியே எழுதியதாக இருக்க வேண்டும். பறை துணைக்கு வரலாமா என்று ஓர் ஆசிரியர் கேட்டிருந்தார். இரண்டரை நிமிடத்துக்குள் முடிந்தால் வரலாம். சிலம்பம் கற்ற மாணவியரை நடுவர் பயிற்சிக்கு முதலில் அழைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன், காலடி பிசகுவதை அவர்கள் உடனே கண்டுகொள்வார்கள். தாளின் படிகள் உடற்கல்வித் துறையில் உள்ளன. எந்த வரிக்கு எண் கூடுதல், எந்த வரிக்குக் குறைவு என்று நீங்கள் நினைப்பதைப் பென்சிலால் குறித்து, பயிற்சி தொடங்கும் முன் திருப்பித் தாருங்கள். பயிற்சி தொடங்கிய பின் நான் அதில் ஓர் எண்ணையும் மாற்ற மாட்டேன்.