அந்தச் சமவெளியில் யார் யார்?

அனைவருக்கும் வணக்கம்.

கனடா என்றதும் நம்மவர்கள் நினைவுக்கு வருவது டொராண்டோதான். அதைப் பற்றிப் பேச இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். நான் பேச வந்தது அங்கிருந்து மேற்கே சாலை வழியாக இரண்டாயிரம் கிலோமீட்டர் போன பிறகு தொடங்கும் பிரெய்ரி சமவெளியைப் பற்றி. மனிடோபா, சஸ்காட்செவன், ஆல்பர்ட்டா என்ற மூன்று மாகாணங்களின் தெற்குப் பகுதி அது. சஸ்காட்செவன் மட்டுமே தமிழ்நாட்டைப்போல் ஐந்து மடங்கு இருக்கும். அதில் வாழ்கிறவர்களோ 12 லட்சத்தைச் சற்றே தாண்டுவார்கள். விமானத்திலிருந்து பார்த்தால் கட்டம் கட்டமாக வயல், நடுவில் ஒரு நேர்க்கோட்டுச் சாலை, அவ்வளவுதான். "அங்கே பார்க்க என்ன இருக்கிறது?" என்று கனடாக்காரர்களே கேலி செய்வார்கள்.

அந்த வெறுமை இயற்கை கொடுத்தது என்று பலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அந்த நிலம் காலி செய்யப்பட்டது. காலி செய்த இடத்தில் யாரைக் குடியேற்றலாம், யாரைக் கூடாது என்பதும் தலைநகர் ஒட்டாவாவின் அலுவலகங்களில் முடிவானது. இன்று பிரெய்ரியின் பண்பாட்டுப் பன்மை என்று கொண்டாடப்படுவதில் பாதி இந்த முடிவுகளின் விளைவு. மீதிப் பாதி இந்த முடிவுகளுக்குக் கீழ்ப்படியாமல் மக்கள் தாங்களே காப்பாற்றி வைத்துக்கொண்டது. எனக்குப் பிடித்தது இரண்டாவது பாதி.

பைசன் என்ற காட்டு மாட்டிலிருந்து தொடங்குகிறேன். இறைச்சி உணவு, தோல் கூடாரமும் உடையும், எலும்பு கருவி. க்ரீ, பிளாக்ஃபுட், அசினிபோயின் என்ற பழங்குடி மக்களின் வாழ்க்கை முழுக்க அந்த விலங்கை ஒட்டியே அமைந்திருந்தது. ஆல்பர்ட்டாவில் மந்தையைச் செங்குத்தான பாறை விளிம்புக்கு விரட்டி வேட்டையாடிய ஓர் இடம் இருக்கிறது. ஏறக்குறைய ஆறாயிரம் ஆண்டுகள் பயன்பட்ட இடம். 1981இல் யுனெஸ்கோ அதை உலக மரபுச் சின்னமாக்கியது. அவ்வளவு காலம் நீடித்த வாழ்க்கை முறை சில பத்தாண்டுகளில் முடிந்துபோனது. கோடிக்கணக்கில் இருந்த பைசன்கள் 1880களில் கிட்டத்தட்ட இல்லை. தோல்களில் கணிசமான பங்கு தொழிற்சாலை இயந்திரங்களுக்கு வார்ப்பட்டையாகப் போனது.

1871 முதல் 1877 வரை பழங்குடியினரோடு அரசு செய்த ஏழு உடன்படிக்கைகள் மூலம் சமவெளி கைமாறியது. பிக் பேர் என்ற க்ரீ தலைவர் பல ஆண்டுகள் கையெழுத்துப் போட மறுத்தார். கடைசியில் 1882 டிசம்பரில், பசியால் வாடிய தம் மக்களுக்கு ரேஷன் கிடைக்க வேண்டும் என்பதற்காகக் கையெழுத்திட்டார். அந்தக் கையெழுத்தைச் சம்மதம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அப்புறம் அரசாங்கத்தார் நடனத்துக்கு வந்தார்கள். 1895இல், பழங்குடியினரை ஆண்ட 'இந்தியர் சட்டம்' என்ற சட்டத்தைத் திருத்தி, சமவெளி மக்களின் முக்கியச் சடங்கான சூரிய நடனத்தின் அடிப்படைக் கூறுகளைக் குற்றமாக்கினார்கள். 1914இல் இன்னொரு திருத்தம்: மேற்கு மாகாணப் பழங்குடியினர் அதிகாரியின் அனுமதி இல்லாமல் தங்கள் உடையணிந்து கண்காட்சிகளில் ஆடக்கூடாது. இதில் ஒரு வேடிக்கை. 1912இல் கால்கரியில் ஸ்டாம்பீட் என்ற மாபெரும் குதிரை விழா தொடங்கியது. கூட்டம் பார்க்க வந்ததே பழங்குடியினரின் ஊர்வலத்தைத்தான். விழா நடத்தியவர்கள் அரசியல் செல்வாக்கைப் பயன்படுத்தி அதற்குச் சிறப்பு அனுமதி வாங்க வேண்டியிருந்தது. டிக்கெட் விற்க அந்த நடனம் வேண்டும். அதை ஆடுகிறவர்கள் தங்களுக்காக ஆடினால் குற்றம்.

1951இல்தான் தடை சட்டத்திலிருந்து நீங்கியது. அதற்குள் இரண்டு மூன்று தலைமுறைப் பிள்ளைகள் உறைவிடப் பள்ளிகளுக்குக் கொண்டுபோகப்பட்டு, தாய்மொழி பேசியதற்காகத் தண்டனை வாங்கியிருந்தார்கள். சஸ்காட்செவனில் அப்படிப்பட்ட பள்ளி ஒன்று 1996 வரை நடந்தது. ஆனாலும் இன்று கோடைக்காலத்தில் அங்கே போனால் வாரம் தவறாமல் எங்காவது பவ்வாவ் என்ற பழங்குடி நடன விழா நடக்கும். புல் நடனம், ஜிங்கிள் உடை நடனம், நடுவில் பெரிய பறையைச் சுற்றி உட்கார்ந்து பாடும் குழு. ஜிங்கிள் உடை முதல் உலகப் போரை ஒட்டி ஒஜிப்வே மக்களிடையே தோன்றியது. மூக்குப்பொடி டப்பாவின் தகர மூடியைச் சுருட்டிச் சலங்கையாகத் தைத்துக்கொண்டார்கள். தடை இருந்த காலத்திலேயே ஒரு புது நடனத்தை உண்டாக்கியிருக்கிறார்கள் பாருங்கள்!

இரண்டு கற்களின் கதையைச் சொல்லாமல் விட முடியாது. சஸ்காட்செவனில் எல்போ என்ற ஊருக்குப் பக்கத்தில், படுத்திருக்கும் பைசன் போலவே ஒரு பெரும்பாறை இருந்தது. பனியாறு கொண்டுவந்து போட்ட பாறை. சுமார் 400 டன். க்ரீ மக்கள் மிஸ்டசேனி என்று அழைத்து, அங்கே கூடி வழிபட்டு வந்தார்கள். 1960களில் அணை கட்டி டீஃபன்பேக்கர் ஏரியை உருவாக்கியபோது அந்த இடம் நீரில் மூழ்க இருந்தது. பாறையை நகர்த்திவிடலாம் என்று ஒரு முயற்சி நடந்தது. பணம் திரளவில்லை, முடியவும் இல்லை. 1966 டிசம்பரில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். துண்டுகளில் ஒன்று பவுண்ட்மேக்கர் என்ற தலைவரின் கல்லறைக்குப் போனது. அணையால் பாசனம் வந்தது, மின்சாரம் வந்தது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதே இடத்தில் ஒரு பெரிய தேவாலயம் இருந்திருந்தால் இவ்வளவு சுலபமாக வெடி வைத்திருப்பார்களா?

இரண்டாவது கல் சாஸ்கட்டூன் நகரை ஒட்டிய வானஸ்கேவினில் இருக்கிறது. ஆறாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக மனிதர்கள் கூடிய பள்ளத்தாக்கு. 1992இல் மரபுப் பூங்காவாகத் திறந்தது. 2019 டிசம்பரில் அங்கே பைசன்களைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு! பைசனுக்குப் புழுதியில் புரளும் பழக்கம் உண்டு. அடுத்த ஆண்டே, அவை புரண்டு புரண்டு புல்லைத் தேய்த்த இடத்தில் கோடுகள் செதுக்கிய பாறை வெளிப்பட்டது. மொத்தம் நான்கு செதுக்குப் பாறைகள். பக்கத்திலேயே செதுக்கிய கல் உளியும் கிடைத்தது. பல பத்தாண்டுகளாக அந்த இடத்தைத் தோண்டி ஆராய்ந்த தொல்லியலாளர் எர்னி வாக்கர்தான் அதைக் கண்டவர். ஆராய்ச்சியாளர்கள் தேடிக்கொண்டிருந்ததை மாடு கண்டுபிடித்துவிட்டது என்று அங்கே சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள்.

சரி, காலி செய்த நிலத்துக்கு யார் வந்தார்கள்? 1872ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்து டாலர் கட்டணம் கட்டினால் 160 ஏக்கர். மூன்று ஆண்டுகளில் வீடு கட்டி நிலத்தைத் திருத்தினால் பட்டா. 1896க்குப் பிறகு குடியேற்றத்தைக் கவனித்த அமைச்சர் கிளிஃபர்ட் சிஃப்டன் கிழக்கு ஐரோப்பிய விவசாயிகளைத் தேடி ஆள் அனுப்பினார். பன்மைப் பண்பாட்டின் மேல் அவருக்கு ஆசை ஒன்றும் இல்லை. கோதுமை விளைய வேண்டும், ரயிலுக்குச் சரக்கு வேண்டும். 1914க்குள் ஏறக்குறைய 1,70,000 உக்ரேனியர்கள் வந்து சேர்ந்தார்கள். அவர்களோடு வெங்காயக் குவிமாடத் தேவாலயங்கள், எம்பிராய்டரி, மெழுகால் வரைந்து சாயம் தோய்க்கும் பிசங்கா முட்டை எல்லாம் வந்தன. ஆல்பர்ட்டாவின் வெக்ரெவில் ஊரில் 1975இல் அலுமினியத்தில் பெரிய பிசங்கா ஒன்றை நிறுவினார்கள். காற்றுக்கு ஏற்றபடி சுழலும். எல்லோரும் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் முதல் உலகப் போரின்போது இதே மக்களில் ஆயிரக்கணக்கானோரை, ஆஸ்திரியப் பேரரசின் குடிகள் என்ற ஒரே காரணத்துக்காக முகாம்களில் அடைத்து வைத்ததும் நடந்தது.

டுகோபோர்கள் கதை இன்னும் விசித்திரமானது. ரஷ்யாவில் படையில் சேர மறுத்து, 1895இல் ஆயுதங்களைக் குவித்துத் தீயிட்ட சமயக் குழு அது. டால்ஸ்டாய் ஒரு நாவலின் வருமானத்தையே இவர்கள் பயணத்துக்குக் கொடுத்தார். 1899இல் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். நிலத்தைப் பொதுவில் வைத்து உழுதார்கள். அரசோ, தனித்தனிப் பெயரில் பதிவு செய், அரசருக்கு விசுவாசப் பிரமாணம் எடு என்றது. மாட்டோம் என்றவர்களின் நிலம் 1907இல் பறிபோனது. பெரும்பாலோர் பிரிட்டிஷ் கொலம்பியாவுக்குப் போய்விட்டார்கள். சஸ்காட்செவனின் வெரெகின் ஊரில் அவர்களின் பிரார்த்தனைக் கூடம் இன்றும் நிற்கிறது, இரண்டு மாடி, சுற்றிலும் தாழ்வாரத்தோடு.

வேண்டாதவர்கள் பட்டியலும் இருந்தது. ஓக்லஹோமாவின் நிறவெறிச் சட்டங்களுக்குத் தப்பிக் கறுப்பின விவசாயிகள் வடக்கே வரத் தொடங்கியபோது, 1911 ஆகஸ்டில் அமைச்சரவை ஓர் ஆணை பிறப்பித்தது: இவர்களுக்குக் கனடாவின் தட்பவெப்பம் ஒத்துவராது, ஓராண்டுக்குத் தடை. ஆணை நடைமுறைக்கு வரவில்லை. ஏற்கெனவே வந்தவர்கள் மெய்ட்ஸ்டோன் அருகே மரத்துண்டுகளை அடுக்கிக் கட்டிய ஷைலோ தேவாலயம் எத்தனையோ பனிக்காலங்களைப் பார்த்துவிட்டது. குளிர் ஒத்துக்கொண்டுதான் இருக்கிறது.

சீனர்கள் நாட்டுக்குள் நுழைய ஆளுக்கு ஆள் தலைவரி, 1903இல் அது 500 டாலர். சஸ்காட்செவன் 1912இல் இன்னும் ஒரு படி போய், சீனர் நடத்தும் கடையில் வெள்ளைக்காரப் பெண்கள் வேலை செய்யக்கூடாது என்று சட்டம் போட்டது. மூஸ் ஜா நகரில் உணவகம் வைத்திருந்த குவாங் விங் உச்ச நீதிமன்றம் வரை போனார், 1914இல் தோற்றார். ஆனால் பிரெய்ரியில் ரயில் நின்ற ஊர்களில் சீனர் ஒருவரின் கஃபே இருப்பது வழக்கமாகிவிட்டது. விவசாயிகள் காபி குடித்து விலைவாசி பேசியது அங்கேதான். ஊரின் பொதுத் திண்ணையை நடத்தியவருக்கு ஊரில் வாக்குரிமை இல்லை.

எனக்கு மிகவும் பிடித்த கட்டடம் எட்மன்டனில் இருக்கிறது. கனடாவின் முதல் மசூதியான அல் ரஷீத், 1938இல் திறந்தது. அப்போது நாடு முழுவதும் முஸ்லிம்கள் சில நூறு பேர்தான். லெபனானிலிருந்து வந்த ஹில்வி ஹம்டன் என்ற பெண்மணி மேயரைப் பார்த்து இடம் கேட்டார். பணம் திரட்டிக்கொண்டு வாருங்கள் என்று பதில் வந்தது. பொருளாதார மந்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது. அவரும் தோழிகளும் கடைத்தெருவில் கடை கடையாக ஏறினார்கள். கிறிஸ்தவர், யூதர் என்று பார்க்காமல் கேட்டார்கள், அவர்களும் கொடுத்தார்கள். கட்டியவர் உக்ரேனிய ஒப்பந்தக்காரர். அவர் அதுவரை மசூதியைப் பார்த்ததில்லை. அதனால் கட்டடம் உக்ரேனியத் தேவாலயத்தின் சாடையோடு எழுந்தது! திறப்பு விழாவில், திருக்குர்ஆனை ஆங்கிலத்தில் தந்த நம் நாட்டு அப்துல்லா யூசுப் அலி கலந்துகொண்டார். பின்னாளில் இடிக்க இருந்தபோது முஸ்லிம் பெண்கள் மறுபடி போராடி, அதை அப்படியே பெயர்த்து எட்மன்டன் கோட்டைப் பூங்காவுக்குக் கொண்டுபோய் வைத்தார்கள்.

மேட்டி மக்களைப் பற்றிச் சுருக்கமாகத்தான் சொல்ல முடியும், அவர்களுக்கே தனிக் கூட்டம் வேண்டும். பழங்குடித் தாய்மார், ஐரோப்பியத் தந்தையர் வழியில் உருவான தனி இனம். லூயி ரியேல் தலைமையில் 1885இல் பட்டோஷ் என்ற ஊரில் படையோடு மோதித் தோற்றார்கள். ரியேல் அதே ஆண்டு நவம்பரில் ரெஜைனாவில் தூக்கிலிடப்பட்டார். க்ரீ வினைச்சொற்களும் பிரெஞ்சுப் பெயர்ச்சொற்களும் கலந்த மிச்சிஃப் என்ற மொழி, பிடிலுக்கு ஆடும் ரெட் ரிவர் ஜிக், பாசிமணியில் கோத்த பூவேலை ஆகியவை அவர்களின் சொத்து.

இனி அரசும் கலையும். 1948இல் சஸ்காட்செவன் ஒரு கலை வாரியம் அமைத்தது. அதுபோன்ற அரசு அமைப்பு வட அமெரிக்காவிலேயே அதுதான் முதல். கனடாவின் தேசியக் கலை மன்றம் வந்தது 1957இல். வாரியம் அமைந்த 1948இல் சஸ்காட்செவனின் பெரும்பாலான பண்ணை வீடுகளில் மின்சாரம் கிடையாது. கோதுமையைக் கூட்டுறவில் விற்றுப் பழகியவர்கள், கலைக்கும் பொதுப்பணம் போகலாம் என்று சொன்ன மாகாண முதல்வர் டாமி டக்ளஸின் அரசை ஆதரித்தார்கள். 1955 முதல் எம்மா ஏரிக்கரையில் ஓவியப் பட்டறைகள் நடந்தன. நியூயார்க்கிலிருந்து பார்னெட் நியூமன், விமர்சகர் கிளெமென்ட் கிரீன்பர்க் எல்லாம் வந்தார்கள். நவீன ஓவியத்தில் ரெஜைனா ஐவர் என்று ஒரு குழுவே பெயர் பெற்றது.

ஏறக்குறைய அதே காலத்தில் ஆலன் சாப் என்ற க்ரீ ஓவியர் நார்த் பாட்டில்ஃபோர்ட் தெருக்களில் தம் படங்களை நடந்து நடந்து விற்றுக்கொண்டிருந்தார். மலை, மான் என்று வாங்குகிறவர்களுக்குப் பிடித்ததை வரைந்தார். 1966இல் ஒரு மருத்துவர், உங்களுக்குத் தெரிந்த வாழ்க்கையை வரையுங்கள் என்று ஊக்குவித்தார். அதன்பின் பழங்குடியினருக்கு ஒதுக்கிய ரிசர்வ் நிலத்தில் பார்த்த பனி, விறகு, குதிரை வண்டி, பாட்டி என்று நினைவிலிருந்தே வரைந்து குவித்தார். 1989இல் அவர் பெயரிலேயே ஒரு கலைக்கூடம் திறந்தார்கள். எம்மா ஏரிப் பட்டறைகளை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த மண்ணின் ஓவியம் எது என்று கேட்டால் சாப்பைத்தான் காட்டுவேன்.

கனடாவின் பன்மைப் பண்பாட்டுக் கொள்கைக்கும் பிரெய்ரிதான் ஒரு வேர். நாட்டை நிறுவியவர்கள் ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர் என்ற இரண்டு இனங்கள் என்பதைப் பற்றியே ஒட்டாவா பேசிக்கொண்டிருந்த 1964இல், சஸ்காட்செவனில் பிறந்த உக்ரேனிய வழிச் செனட்டர் பால் யூசிக் எழுந்து, மூன்றாவது ஒரு தரப்பு இருக்கிறது என்றார். 1971இல் தேசியக் கொள்கை வந்தது. 1974இல் சஸ்காட்செவன் மாகாண அளவில் முதல் சட்டத்தை இயற்றியது. இரண்டா மூன்றா என்று எண்ணியவர்கள், முதலில் இருந்தவர்களை எண்ணத் தவறிவிட்டார்கள் என்பதே என் மனக்குறை.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். போக நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: சாஸ்கட்டூனில் தங்குங்கள். வானஸ்கேவின் நகரத்தை ஒட்டியே இருக்கிறது. பட்டோஷ் ஒரு மணி நேரம். ஆலன் சாப் கலைக்கூடம் மேற்கே ஒன்றரை மணி நேரம். பவ்வாவில் வாசலில் அனுமதி கேட்டுப் படம் எடுங்கள். சில நடனங்களுக்குக் கேமராவை அணைக்கச் சொல்வார்கள், அணைத்துவிடுங்கள். ஜனவரியில் மட்டும் போகாதீர்கள், மைனஸ் நாற்பது வரை இறங்கும். கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.